தேரன்று செத்த மீன்கள்

பெரிய தேர் நிலைக்கு வந்து, பே கோபுரத் தெருவுக்குக் கரண்டும் வந்து, வீடுகளில் விளக்கு எரிய ஆரம்பித்த வேளை. மரக்கடை கோதண்டராமன் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனார். போன வேகத்தில் அவர் போட்ட கூச்சலைக் கேட்டு, தேர் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி அவர் வாசலில் நின்றுவிட்டது.

கூடத்து மீன் தொட்டியின் மேல் போர்த்திய துணி போர்த்தியபடி இருந்தது. கட்டிய கயிறும் கட்டியபடியே இருந்தது. உள்ளே மீன்கள் ஒன்று பாக்கியில்லாமல் செத்து மிதந்தன. தண்ணீருக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் மட்டும் தன் பாட்டுக்குக் கொடகொடவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தருமன் படியேறினான். பூச்சி மருந்து அடிப்பவன். காலையில் அந்த வீட்டில் கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்து அடித்துவிட்டு, சாயங்காலம் வந்து ஜன்னல்களைத் திறந்து விடுகிறேன் என்று சொல்லிப் போயிருந்தான். சொன்னபடி வந்தவனின் காலரைக் கோதண்டராமன் கொத்தாகப் பிடித்தார்.

"படுபாவி! மோட்டாரை ஓட விட்டுட்டா மருந்து அடிச்ச? விஷக் காத்தை உறிஞ்சித் தண்ணிக்குள்ள விட்டுடுச்சேடா! எல்லாம் என் கொழந்தைங்கடா!"

தெரு பார்த்தது. மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கப் பேசியது. 1982 கார்த்திகை அது; தீபத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. தீபக் கூட்டம் வருமுன் மருந்து அடிக்கச் சொல்லித் தருமனிடம் ஒப்புக்கொண்டிருந்த லாட்ஜ்காரர்களில் இரண்டு பேர் ஆள் அனுப்பி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். மீனைக் கொன்றவனை மனுஷர் தூங்கும் அறைக்குள் யார் விடுவார்கள்?

*

மறுநாள் பிற்பகல். சப்-இன்ஸ்பெக்டர் குணபாலன் ஜீப்பை விட்டு இறங்கினார். தேர் பந்தோபஸ்தில் விடியற்காலையிலிருந்து நின்ற கால் இன்னும் வலித்தது. ஆனால் கால் வலியை விடப் பெரிய கவலை ஒன்று அவருக்கு இருந்தது. அவர் நயினார், அதாவது சமணர். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். மனைவி ராஜமதி கொடுத்தனுப்பிய டிபன் கேரியர் ஜீப்பின் பின் சீட்டில் இருந்தது. பே கோபுரத் தெருவோ மலையடியில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் வெயில் அடிக்கும்போதே அங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். "மலை மறைச்சாலும் மறைச்சதுதான்" என்பது ராஜமதியின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

"இருட்டறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றார், ஏதோ பல் விளக்குகிற வேலையைச் சொல்வது போல.

கான்ஸ்டபிள் ராமதாஸ், ஸ்டேஷன் பெஞ்சில் இரவைக் கழித்த தருமனைப் பின்னால் கூட்டி வந்தார். தருமன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோதண்டராமன் வாசலிலேயே ஆரம்பித்தார். "மெட்ராஸ் மூர் மார்க்கெட்ல இருந்து குடத்துல வச்சு, பஸ்ல மடியிலயே தூக்கிட்டு வந்தேன் சார். போலீஸ் பார்க்கணும்னு அப்படியே விட்டு வச்சிருக்கேன். கொன்னவன் யாரா இருந்தாலும் சரி, உள்ள தள்ளணும்!"

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்!"

"ராமதாஸ், இவர் சொன்னதை ஞாபகம் வச்சுக்கோ. நேத்து பகல்ல நீங்க எங்க இருந்தீங்க?"

"தேர் கூடவே. நீங்கதான் பார்த்தீங்களே சார்."

பார்த்திருந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று அவரை இரண்டு முறை விரட்டியதே குணபாலன்தான். எல்லாரும் தேருக்குப் போய்விட்டால் வீடு காலியாக இருக்கும், மருந்து அடிக்கத் தோதான நாள் என்று யோசித்தது கோதண்டராமன். பே கோபுரத் தெருவில் இன்னும் பல வீடுகளில் அந்த வழக்கம் உண்டு.

அடுத்து தருமன்.

"என்னென்ன செஞ்ச?"

"ஈரத் துணியால தொட்டியை மூடினேன் ஐயா. அது மேல பிளாஸ்டிக் சீட்டு. சுத்திக் கயிறு கட்டினேன். மோட்டார் பிளக்கைப் பிடுங்கி வச்சேன். எந்த வீட்டுலயும் மொதல்ல அதான் செய்வேன். அப்புறம்தான் டார்ச் லைட்டைப் புடிச்சுக்கிட்டு மூலை முடுக்கெல்லாம் அடிச்சேன்."

"பிடுங்கினது நிச்சயமா?"

"என் புள்ள மேல சத்தியம் ஐயா."

"மருந்தை எதுல கலப்ப?"

"மண்ணெண்ணெய்ல. முடிச்சுட்டு, வீட்டைப் பூட்டி, சாவியைக் கடையில இவர்கிட்ட குடுத்தேன். பொழுது சாயற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போனேன்."

'இவர்' என்று அவன் காட்டியது ராஜேந்திரனை. கோதண்டராமனின் மைத்துனன், கடையையும் பார்த்துக்கொண்டு, வாராவாரம் தொட்டியையும் கழுவுகிறவன். அந்த இரண்டாவது வேலை அவனுக்கு வேப்பங்காய் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"சாவியை என்ன செஞ்சீங்க?"

"கடையில ஆணியில மாட்டிட்டு நானும் தேர் பார்க்கப் போனேன் சார். வீட்டுப் பக்கம் வரல."

"மீன் செத்ததுல உங்களுக்கு வருத்தமா?"

ராஜேந்திரன் ஒரு கணம் யோசித்தான். "ஜாஸ்தி வருத்தம்னு சொல்ல முடியாது. வாராவாரம் கிணத்து மோட்டாரைப் போட்டு, பாதித் தண்ணிய மாத்தணும். குழாத்தண்ணி ஒரு சொட்டு ஆகாது, மாமா கண்டிஷன். அழுக்குத் தண்ணிய ஜலதாரையில கொட்டினா அதுக்கும் அக்கா திட்டும்."

"திட்டாம?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கோதண்டராமனின் மனைவி ஜோதியம்மாள் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். இரவு தூங்காத கண். நடக்கும்போது இடுப்பில் சாவிக்கொத்து கிணுங்கியது. "அவ்வளவு தண்ணியையும் சாக்கடையில கொட்டுவான். தண்ணியோட அருமை தெரியாத பய. எடுத்துக்குங்க சார்."

குணபாலன் பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, டம்ளர் வாயில் விரித்து, தண்ணீரை வடிகட்டினார். தண்ணீரில் உள்ள சின்ன உயிரும் தன் தொண்டையில் இறங்கிச் சாகக்கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது.

"குழாத்தண்ணி சார்" என்றாள் ஜோதியம்மாள். "திருவிழா முடியற வரைக்கும் பிளீச்சிங் பவுடர் வாசம்தான். இத்தனை கூட்டத்துக்கும் காலரா வரக்கூடாதுன்னு ஜாஸ்தியாப் போடறாங்க. காபிகூட வாயில வைக்க முடியல."

"நல்லதுக்குத்தானேம்மா போடறாங்க" என்று மீதியையும் குடித்துவிட்டுத் தொட்டியருகே போனார்.

தண்ணீரின் மேல் குனிந்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எண்ணெய்ப் படலம் எதுவும் மினுங்கவில்லை. டம்ளரால் மொண்டு, அதே துணியில் வடிகட்டினார். துணியில் கரிய நூல் துண்டுகள் போல ஏதோ கிடந்து நெளிந்தன.

"கொசுப்புழு" என்றார் கோதண்டராமன். "மீனுங்களுக்கு அதான் உசிரு. போட்டா ஒரே நிமிஷம், ஒண்ணு மிஞ்சாது."

"நேத்து காலையில போட்டீங்களா?"

"இல்ல. அவசரத்துல போடாமலே தேருக்குப் போயிட்டேன். பசியோடவே செத்துப் போச்சுங்க..."

குணபாலன் துணியை மெல்லத் தண்ணீரில் அலசி, புழுக்களைத் திரும்ப விட்டார். ராமதாஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கொசுவையா ஐயா காப்பாத்தறீங்க?"

"சாட்சிய்யா. சாட்சியை யாராவது கொல்லுவாங்களா?"

பிறகு கொல்லைப் பக்கம் போனார். கிணற்றின் வாயை இரும்பு வலை போட்டு அடைத்திருந்தது. ராட்டினம் கிடையாது, மோட்டார் குழாய் மட்டும் உள்ளே இறங்கியது. பக்கத்தில் தெருக் குழாய் இணைப்பு. அதற்கு அந்தண்டை ஒரு கறிவேப்பிலைச் செடி. அதன் அடியில் மட்டும் மண் இன்னும் ஈரமாக இருந்தது. குணபாலன் குந்தி உட்கார்ந்து, மண்ணில் ஒட்டியிருந்த பச்சை இழை ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தார். பாசி. முகர்ந்தார். எழுந்தபோது மலையின் நிழல் கொல்லைச் சுவரில் பாதி ஏறியிருந்தது.

"ராமதாஸ், எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிடு. எனக்குப் பசிக்குது."

*

"மொதல்ல மோட்டார்" என்றார் குணபாலன். "கோதண்டராமன் சார், நேத்து இந்தத் தெருவுல கரண்டு எப்ப போச்சு?"

"விடியற்காலையில. தேர் உச்சியில பட்டுடும்னு குறுக்குக் கம்பியெல்லாம் அவுத்து..." கோதண்டராமனின் வாய் திறந்தபடி நின்றது.

"தேர் நிலைக்கு வந்தப்புறம்தான் திரும்பி வந்துது. கம்பியை அவுக்கும்போது கீழ நின்னு கூட்டத்தை விலக்கினவன் நான். தருமன் இங்க டார்ச் லைட்டு வச்சுத்தான் வேலை செஞ்சான். அப்போ மோட்டார் எப்படி ஓடும்? எந்த விஷக் காத்தை உறிஞ்சும்?"

தருமன் தலை நிமிர்ந்தது. பிடித்த காலரின் பயத்தில் இந்தச் சின்ன விஷயம் அவனுக்கே தோன்றவில்லை.

"ஆனா பிளக்கைப் பிடுங்கிட்டேன்னான். சாயங்காலம் மாட்டியிருந்துச்சு. அப்போ நடுவுல ஒருத்தர் வந்திருக்காங்க. பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டாங்க, கரண்டு இல்லாததால ஓடல. ஞாபகமில்லாம அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. கரண்டு வந்ததும் தானா ஓடிச்சு."

"வந்தவன் மருந்தைக் கலந்துட்டானா?" கோதண்டராமன் ராஜேந்திரனை எரிக்கிற மாதிரி பார்த்தார்.

"மருந்தே இல்லைங்க. பூச்சி மருந்து விழுந்தா மொதல்ல சாகறது கொசுப்புழு. அது ஜம்முனு நெளியுது. மண்ணெண்ணெய்ப் படலமும் இல்ல. இன்னொண்ணு: மீன் நல்லா இருந்தா புழு மிஞ்சியிருக்காது. நேத்து நீங்க புழு போடல, வந்தவங்கதான் போட்டிருக்காங்க. அந்த நேரத்துலயே மீனுங்க சாகக் கிடந்திருக்கு. உங்க மீனைக் கொன்னது குழாத்தண்ணி சார். நான் இப்ப முகம் சுளிச்சுக் குடிச்சேனே, அதே தண்ணி. மனுஷனுக்கு அந்தப் பவுடர் காவல். மீனுக்கு செவுளெல்லாம் வெந்துடும். கொசுப்புழு மேல வந்து காத்தைக் குடிக்கிறது, அதனால தப்பிச்சுக்குச்சு."

"ராஜேந்திரா!" என்று எழுந்தார் கோதண்டராமன்.

"உக்காருங்க. ராஜேந்திரனுக்குக் குழாத்தண்ணி ஆகாதுன்னு தெரியும். கிணத்து மோட்டார் ஓடாத நாள்ல அவர் தொட்டியைத் தொடவே மாட்டார், தப்பிச்சோம்னு இருப்பார். அப்படியே மாத்தினாலும் பழைய தண்ணியை எங்க கொட்டுவார்? ஜலதாரையில. ஆனா கறிவேப்பிலைச் செடி அடியில தொட்டிப் பாசி கிடக்குது. அழுக்குத் தண்ணியைக்கூட வீணாக்க மனசு வராத ஒருத்தர். இன்னொரு சாவி வச்சிருக்கிற ஒருத்தர்."

சாவிக்கொத்து கிணுங்கியது. ஜோதியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

குணபாலனின் குரல் இறங்கியது. "நீங்களே சொல்லிடுங்கம்மா. சொல்லிட்டா இன்னிக்காவது தூங்கலாம்."

"தேர்கிட்ட ஒரு பொம்பள சொன்னா சார், மருந்து வாசம் பட்டாலே மீன் செத்துடும்னு." அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மனசு கேக்கல. நடுப்பகல்ல ஓடியாந்தேன். கதவைத் திறந்தா மூக்கு எரியுது. புதுத் தண்ணி மாத்தினா விஷம் எறங்கிடும்னு நினைச்சேன். கிணத்து மோட்டார் ஓடல, குழாயில புடிச்சு ஊத்தினேன். எனக்குத் தெரியாது சார், அந்தக் கண்டிஷனெல்லாம் தம்பிக்குத்தான் சொல்லுவாரு. சோர்ந்து கிடந்துச்சே, பசின்னு நினைச்சுப் புழு போட்டேன். திரும்ப மூடிக் கட்டிட்டுப் போயிட்டேன். சாயங்காலம் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் தருமனைப் புடிச்சுட்டாரு. அப்புறம்... பயம்."

குணபாலன் பேனா மூடியைக் கழற்றினார்.

"யாரா இருந்தாலும்னு சொன்னீங்க. புகார்ல பேரை மாத்தி எழுதிக்கலாமா?"

கோதண்டராமன் தொட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பாவம், அந்தக் குரலுக்கு அவ்வளவு சின்னதாக ஒலிக்கத் தெரியும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. "புகார் வேணாம் சார்."

"நீங்க வேணாம்னா எனக்குப் போதும். தருமனுக்குப் போதுமா?"

தருமன் முதல் முறையாக நேராகப் பார்த்தான். "வாசல்ல வச்சுக் காலரைப் பிடிச்சாரு. வாசல்ல வச்சே சொல்லட்டும் ஐயா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

*

வாசலில் திருவிழாக் கூட்டம் தேங்கியிருந்தது. ஜீப் நின்றால் இந்த ஊரில் வேடிக்கைக்குக் குறைவு கிடையாது. 'வேண்டாம்' என்று ஆள் அனுப்பிய லாட்ஜ்காரர் ஒருவரும் அதில் இருந்தார்.

கோதண்டராமன் படியில் நின்றார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. தருமன் மேல ஒரு தப்பும் இல்ல. அவன் வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கான். மருந்தால மீன் சாகல. குழாத்தண்ணியாலதான் செத்துச்சு."

"குழாத்தண்ணியா? யாருய்யா ஊத்தினது?" லாட்ஜ்காரர் விடவில்லை.

கதவுக்குப் பின்னால் ஜோதியம்மாளின் சேலைத் தலைப்பு தெரிந்தது. கோதண்டராமன் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நான்தான். அவசரத்துல நான்தான் ஊத்திட்டேன். என் புத்தியை..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராமதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குணபாலன் அவர் காலை லேசாக மிதித்தார். பொய் பேசாத குலத்தில் பிறந்தவர் குணபாலன். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னது அவரில்லையே.

"நாளைக்குக் காலையில லாட்ஜுக்கு வந்துடு தருமா" என்றார் லாட்ஜ்காரர். தருமன் தலையாட்டினான்.

ஜீப்புக்கு வந்தபோது மலைக்கு மேலே வானம் சிவந்திருந்தது. சூரியன் எப்போதோ மறைந்துவிட்டது. குணபாலன் டிபன் கேரியரை ஒரு பார்வை பார்த்து, பெருமூச்சு விட்டு, எடுத்துத் தருமன் கையில் கொடுத்தார்.

"நேத்திலிருந்து நீயும் சரியாச் சாப்பிடல. எலுமிச்சஞ்சாதம். பாத்திரத்தைக் கழுவி நாளைக்கு ஸ்டேஷன்ல குடுத்துடு."

"உங்களுக்கு ஐயா?"

"எனக்கு விடிஞ்சாதான்" என்று சொல்லிவிட்டு, ராஜமதியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி அவர் ஜீப்பில் ஏறினார்.