இன்னொரு மூச்சு

தலைமாட்டிலிருந்து நெட்டி முறிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு விரலாக, நிதானமாக. டாக்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவள் இந்த மனநல சிகிச்சைக்கு வரத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. மாத்திரை கிடையாது. சோபாவில் படுத்துக்கொண்டு வாயில் வருவதையெல்லாம் பேச வேண்டும்; டாக்டர் கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்து கேட்பார். கூரையைப் பார்த்துப் புலம்பவா பட்டம் வாங்கினாய் என்று அக்கா கேலி செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும். சாத்தினால் சாத்தியே இருக்கும் கதவு அவளுக்கு வாய்த்தது இந்த அறையில்தான். வீட்டில், குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானாலும் அம்மா கதவை இடிப்பாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி, நாலு பேரை வைத்து வேலை வாங்கும் கணக்குத் தணிக்கையாளர், முப்பது வயது. அம்மாவுக்கு இன்னும் பாப்பா.

வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அம்மாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாலே பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. முதலில் இங்கே சொல்லிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. ஒருநாள் என்னிடமே உங்கள் அம்மாவைப் பார்ப்பீர்கள், பயப்படாதீர்கள், சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று டாக்டர் சொல்லிவைத்திருந்தார்.

அதனால், அம்மா நெட்டி முறிப்பது போலவே இருந்த அந்தச் சத்தம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்கால வெளிச்சம் சுவரில் மங்கிக்கொண்டே வர, மின்விசிறியின் முனகலுக்கு அடியில் மூக்கடைத்த, அவசரமே இல்லாத ஒரு மூச்சு ஏறி இறங்க, சூடாக்கிய தலை எண்ணெயின் வாசனை மெல்ல வந்து தலையணைமேல் உட்கார்ந்துகொண்டது.

"டாக்டர், இப்ப நீங்க அப்படியே எங்கம்மா மாதிரி இருக்கீங்க."

"ம்ம். சொல்லுங்க."

டாக்டரின் குரல்தான். ஆனால் அது சற்றுத் தள்ளி, மூலையில் அவருடைய நாற்காலி இருக்கும் இடத்திலிருந்து வந்தது.

மூச்சு காதோரம் இருந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

"அம்மா, நான் போறேன்."

மூச்சு நின்றது.

தலையில் விரல்கள் இறங்கின. போன வருடம் ஆத்திரத்தில் காதுவரை வெட்டிக்கொண்ட முடி. அதில் பின்ன ஒன்றுமில்லை. விரல்கள் வகிடெடுத்தன. மூன்று காலாகப் பிரித்தன. இழுத்துப் பின்னின. பின்னல் நீண்டுகொண்டே போனது.

"டாக்டர், யாரோ எனக்குத் தலை பின்றாங்க."

"ம்ம். அது உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துது?"

"ஞாபகம் இல்ல டாக்டர். இப்ப நடக்குது. எழுந்து வந்து பாருங்க."

காகிதத்தில் பேனா உரசியது.

எழப் பார்த்தாள். தலை வரவில்லை. பின்னலின் நுனி சோபாவின் காலைச் சுற்றியது. ஒரு முடிச்சு. இன்னொன்று. கத்த வாய் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

"நேரமாச்சு, இதோட நிறுத்திக்கலாம்," என்றார் டாக்டர். "இன்னிக்கு ரொம்ப தைரியமாப் பேசினீங்க."

"தேங்க்ஸ் டாக்டர்."

அவள் குரல். அவள் பேசவில்லை.

அவளுடைய செருப்பைத் தரையில் தேய்த்தபடி ஏதோ ஒன்று வாசலுக்குப் போனது. அங்கே நின்று, அவள் குரலிலேயே போனில் பேசியது.

"அம்மா, நான் எங்கயும் போகலம்மா. வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கேன்."

விளக்கு அணைந்தது. கதவு மூடிக்கொண்டது.

இருட்டில், ஒரு சீப்பு அவள் நெற்றியில் பதிந்து, மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.