தலையைக் கொஞ்சம் தூக்குங்க

உலக வரலாற்று அறிஞர்களின் மேலான கவனத்துக்கு: இரண்டாம் உலகப் போரில் வலங்கைமானும் பங்கேற்றது. ஒரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் எதிரியைத் தேடிப் போகிற வழியில் இன்ஜின் நின்று, அறுப்புக்குத் தயாராயிருந்த சம்பா வயலில் விழுந்தது. விமானி இருக்கையிலேயே கருகிச் செத்துப்போனார். விமானத்தை ஏலத்தில் எடுத்த குடும்பம், நகர்த்த முடியாமல் அதைச் சுற்றியே நெல் கிடங்கு கட்டிக்கொண்டது.

தொண்ணூற்று நாலில் ஷார்ஜா கம்பெனி ஒன்று பழைய விமானங்களுக்குக் காட்சிக்கூடம் தொடங்கியது. ‘பொறியியல் மரபு’ விளங்கும்படி மாதிரிப் படங்கள் அனுப்பினால் போட்டோகிராபர் வேலை. டேவிட்சனுக்கு அதுதான் கடைசி வழி. கலர் லேப் வந்து அவன் ஸ்டுடியோவை மூட வைத்துவிட்டது. இருபது வருடம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து ஊரையே வளைகுடாவுக்கு அனுப்பியவனுக்கு இதுவரை விசா வந்ததில்லை.

மத்தியான வெயிலிலிருந்து கிடங்குக்குள் நுழைந்ததும் கண் இருண்டது. நெல்லின் புழுக்கம். அதற்கடியில் பெட்ரோல் வாசனை.

“அம்பது வருசமா இப்படியே நாறுதா, பாய்?”

“காலையிலேருந்துதான்,” என்றார் கிடங்குக்காரர் மீரா உசேன், வாசலைத் தாண்டாமல். “நீங்க படம் எடுக்க வரீங்கன்னு சொன்னதுலேருந்து.”

டேவிட்சன் ஸ்டாண்டை நிறுத்தினான். வட்டமாக அடுக்கிய சிலிண்டர்களை எடுத்தான். தையல்போல ஓடும் ரிவெட்டுகளை எடுத்தான். பிறகு கேமராவை விமானி அறைப் பக்கம் திருப்பினான். கண்ணாடிக்குள் வெறும் இருட்டு.

கண் கேமராவுக்குப் போனால் வாய் தானாகப் பேசும். தொழில் பழக்கம்.

“தலையைக் கொஞ்சம் தூக்குங்க, சார்.”

உள்ளே இருக்கை கிரீச்சிட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு மெல்ல உயர்ந்தது.

டேவிட்சன் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் நேரில் பார்க்க வேண்டியிருக்கும்.

“பாய்... உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“எலி இருக்கும், தம்பி.”

“எலி சொன்ன பேச்சு கேக்குமா, பாய்?”

செருப்புச் சத்தம் தெருப்பக்கம் ஓடியது.

தானும் ஓடிவிடலாம். ஓடினால் ஷார்ஜா இல்லை. விரல் பட்டனுக்குப் போனது. வாயும் நிற்கவில்லை.

“அசையாதீங்க.”

கிடங்கில் எல்லாச் சத்தமும் நின்றது.

கிளிக்.

கழுவிய படத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோல் தொப்பி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி. தலை மட்டும் மிகச் சரியான உயரத்தில். டேவிட்சனின் ஸ்டுடியோவில் இவ்வளவு ஒத்துழைத்தவர் யாருமில்லை.

விமானி அறைக்கு வேறு படம் இல்லாததால் அதையும் சேர்த்தே அனுப்பினான்.

கம்பெனிக்குப் படங்கள் பிடித்துப்போயின. வேலை கிடைத்தது. உட்கார்ந்திருந்தவரையும் கூட்டி வரச் சொல்லி, இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தார்கள்.