நடுத்திட்டிலிருந்து வந்த சேதி

குருக்கள்மடத்துச் சாரணர் குழுவுக்குச் சேதி சொல்பவன் வினாயகமூர்த்தி. பதினொரு வயது. கண் கூர்மைதான். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் எந்நேரமும் ஒரு கனவு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில் ஊரை ஒட்டிய வாவி அவ்வளவு அமைதி. மேகங்கள் இறங்கிக் குளித்துவிட்டு, தலை துவட்டாமலே மேலே போகும். இதை நம்பாதவர்கள் அங்கே பிறக்காதவர்கள்.

அக்கரையிலும் ஒரு சாரணர் குழு இருந்தது. இரண்டு குழுக்களும் கொடி அசைத்துப் பேசிக்கொள்ளும். அதைப் படித்து, பள்ளிக்கூட வாசலில் நின்று அறிவிப்பது மூர்த்தியின் வேலை.

"வெள்ளிக்கிழமை முடிச்சுப் போடும் போட்டி! அமிர்தகழித் திருவிழாவில தண்ணி வார்க்க ஆறு பேர் வேணும்! அக்கரைக் குழு சனிக்கிழமை நடுத்திட்டில கூடாரம் அடிக்குது!"

போன வாரம் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்தியது. மூர்த்தி அதையும் கொடியென்று படித்து, "வரட்டாம்!" என்று எல்லோரையும் வெயிலில் அக்கரைக்குக் கூட்டிப் போய்விட்டான்.

"இன்னொருக்காப் பிழை விட்டா, கொடி உன்ட கையில இராது" என்றான் குழுத் தலைவன் சாமித்தம்பி.

சனிக்கிழமை காலை. வெயிலில் தண்ணீர் மினுங்கியது. வாவிக்கு நடுவே நடுத்திட்டு தரையில் ஒட்டாமல் மிதப்பதுபோல் இருந்தது. அங்கே ஒரு சிவப்புத் துணி சுழன்றது. தாழ்ந்தது. மறுபடி சுழன்றது.

மூர்த்தி ஓடினான். "அண்ணே! திட்டில இருக்கிற பொடியன்மாருக்குப் பசியாம். உடனே வரட்டாம்!"

"நீர்க்காகம் இல்லையே?"

"நீர்க்காகம் சிவப்பா இருக்குமா அண்ணே?"

சாமித்தம்பி சோறு சேர்க்கச் சொன்னான். வீட்டுக்கு வீடு சோறு சேர்ந்தது. பெரிய பானையை ஏற்றிக்கொண்டு இரண்டு தோணிகள் புறப்பட்டன.

திட்டில் கூடாரமும் இல்லை, சாரணரும் இல்லை. மீன் காயவைக்கும் கண்ணகை அக்கா மட்டும் நின்றார். விரித்த தென்னோலைக் கிடுகுகளில் மீன் காய்ந்தது. அவர் சிவப்புத் துணியால் காகம் விரட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கரைப் பொடியன்மாரா? அவங்க அடுத்த சனிக்கிழமைதான் வாறாங்களாம்" என்றார் அக்கா.

ஒருவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். காகங்களும் சிரித்ததாக மூர்த்திக்குத் தோன்றியது. சாமித்தம்பி கையை நீட்டினான். "கொண்டா கொடிய."

மூர்த்தி இரண்டு கொடிகளையும் நீட்டப் போனான். அப்போதுதான் அக்காவின் கையைப் பார்த்தான். துணியைத் தூக்க முடியாமல் அது பாதியிலேயே இறங்கியது.

"அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?"

"எங்க மனே! என்ட மனிசன் ஏறாவூருக்குப் போயிட்டார். விடிஞ்சதில இருந்து நான் சோத்துப் பானையத் தொடல்ல. இந்தப் பக்கம் திரும்பினா அந்தப் பக்கம் மீன் போயிடும்."

மூர்த்தி ஒரு கொடியைச் சாமித்தம்பியின் கையில் வைத்தான். "வடக்குப் பக்கத்த நீங்க பாருங்க அண்ணே. தெற்க நான் பாக்கிறன். அக்கா, உக்காந்து சாப்பிடுங்க."

சாமித்தம்பி கொடியைப் பார்த்தான், காகத்தைப் பார்த்தான். காகம் மீனைப் பார்த்தது. அவன் ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் குழு முழுக்கக் கொடியோடும் தொப்பியோடும் திட்டைச் சுற்றிப் பறந்தது. ஒருவனின் கால் தரையில் படவேயில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அக்கா நிழலில் அமர்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். "விடிஞ்சதில இருந்து துணி வீசினன். எத்தனையோ தோணி போச்சு. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கல்ல. நீங்கதான் வந்தீங்க."

சாமித்தம்பி மூச்சு வாங்க வந்து, கொடியை மூர்த்தியிடமே கொடுத்தான். "வைச்சுக்கொள். இந்த முறை சரியாத்தான் படிச்சிருக்காய்."

அப்போது அக்கரையிலிருந்து மூன்று தோணிகள் விரைந்து வருவது தெரிந்தது. அவற்றில் பொடியன்மார் வாளிகளோடு எழுந்து நின்றார்கள்.

"ஏன்டா வாளி?" என்றான் சாமித்தம்பி.

"நாம கொடி அடிச்ச அடியில, திட்டில நெருப்பெண்டு படிச்சிருப்பாங்க அண்ணே."

மூர்த்தி பானைக்குள் எட்டிப் பார்த்தான். "அக்கா, சோறு எல்லாருக்கும் காணும். கறிதான் போதாது."

"வரட்டும் மனே" என்று கண்ணகை அக்கா எழுந்தார். "மீன் சுடுவம்."

அன்று அந்தத் திட்டில் பட்டினி கிடந்தவை காகங்கள் மட்டும்தான்.