நாற்பது நாற்காலிகளும் பெயரில்லாத படிவமும்

சனிக்கிழமை வந்தால் சுண்டுவுக்கு இரண்டு வேலை. ஒன்று, அம்மாவுடன் பல்கலைக்கழகத்துக்குப் போவது. இன்னொன்று, அங்கே அம்மாவைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. முதல் வேலையை அவள் ஒழுங்காகச் செய்துவிடுவாள்.

சுண்டுவுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அந்தப் பெயர். அம்மா பல்கலைக்கழகத்தின் மானுடக் கலைகள் நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். தெருவைப் பார்த்த கட்டடம். வாசலில் ஏழு படிகள், உள்ளே ஒரு பெரிய கூடம், கூடத்தில் நாற்பது நாற்காலிகள்.

"மானுடக் கலைகள்னா என்ன மிஸ்?" என்று சுண்டு ஒருநாள் கேட்டாள்.

அந்த நிலையத்தின் பேராசிரியைக்கு வாசல்நிலை தலையில் இடிக்கும் அளவு உயரம். சுண்டு மனசுக்குள் அவரை 'நெட்டை மிஸ்' என்றுதான் கூப்பிடுவாள். மிஸ் குனிந்து, இன்னும் கொஞ்சம் குனிந்து, சுண்டுவின் முகத்துக்கு நேரே வந்தார்.

"மனுஷங்க கதை சொல்றாங்க, பாடுறாங்க, படம் வரையறாங்க, எதையாவது நம்புறாங்க, அதுக்காகச் சண்டை போடுறாங்க இல்லையா? ஏன் அப்படியெல்லாம் செய்றாங்கன்னு யோசிக்கிற படிப்பு."

"சண்டையுமா? அப்ப எங்க தெருவுல தினமும் மானுடக் கலைதான் மிஸ்."

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்குத்தானே உங்க தெருக்காரங்களைக் கூப்பிடுறேன்! ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்களே."

உண்மைதான். சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்குத் தெருக்காரர்களுக்காக மிஸ் ஒரு கூட்டம் நடத்தினார். 'அனைவரும் வருக' என்று கடைக்குக் கடை நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அம்மா நாற்பது நாற்காலிகளையும் பளிச்சென்று துடைத்து வைப்பாள். நான்கு மணிக்கு மிஸ் மேடையில் ஏறுவார். எதிரே ஆசிரியர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் தூங்கிவிடுவார்.

அந்த நேரத்தில் அம்மா கூடத்துக் கதவுக்கு வெளியே தரை துடைப்பாள். கூட்டம் முடிகிறவரை ஒரு மணி நேரமும் அதே இரண்டு கற்களைத்தான் துடைப்பாள். நடைபாதையில் மற்ற கற்களெல்லாம் சாதாரணமாக இருக்க, அந்த இரண்டு மட்டும் முகம் பார்க்கலாம்போல மின்னும்.

"உள்ள போய் உக்காந்து கேளேன்மா" என்று சுண்டு சொல்லிப் பார்த்தாள்.

"சும்மா இருடி. அதெல்லாம் படிச்சவங்க உக்கார்ற எடம்."

மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின. மூன்றாவது வாரம் மிஸ் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு மிஸ்?"

"அடுத்த வாரம் பத்துப் பேராவது வரணுமாம். இல்லைன்னா கூட்டத்தை நிறுத்திட்டு, கூடத்தைப் பரீட்சை ஆபீசுக்குக் குடுத்துருவாங்களாம். விடைத்தாள் மூட்டை அடுக்கி வைக்க."

பின்னால், கூடத்துக் கதவுக்கு வெளியே துடைப்பானின் சத்தம் நின்றது. சுண்டு திரும்பிப் பார்த்தாள். அம்மா துடைப்பானைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வாரம் முழுக்க அம்மாவுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

"மிஸ், ஆனா ஆளுங்க வர்றாங்களே!" என்றாள் சுண்டு.

"எங்க வர்றாங்க?"

"இங்கதான். நான் இந்தப் படியிலதானே உக்காந்திருக்கேன். பஸ் ஓட்டுற மாமா வந்தாரு. தையல்கார அக்கா வந்தாங்க. சைக்கிள் கடைத் தாத்தாகூட வந்தாரு. அந்த மேசை வரைக்கும் வந்துட்டு எல்லாரும் திரும்பிப் போயிடுறாங்க."

மிஸ் மேடையிலிருந்து பார்த்தது காலி நாற்காலிகளை மட்டும்தான். வாசல் அவர் கண்ணில் படவே இல்லை.

வாசலில் இருந்த மேசை, படிவ அண்ணனுடையது. நிலையத்தின் எழுத்தர். நல்ல மனுஷர்தான். ஆனால் படிவம் நிரப்பாமல் ஒரு கொசு உள்ளே போனாலும் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

சுண்டு நேரே தையல் கடைக்கு ஓடினாள்.

"அக்கா, போன வாரம் வாசல் வரைக்கும் வந்துட்டு ஏன் திரும்பிட்டீங்க?"

தையல்கார அக்கா ஊசியில் நூல் கோப்பதுபோல் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். "வேலை இருந்துச்சு."

"பொய்."

அக்கா பெருமூச்சு விட்டார். "அந்தப் பேப்பர்ல 'கல்வித் தகுதி'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. கீழே 'கடைசியாகப் படித்த நிறுவனம்'னு இன்னொண்ணு. என்ன எழுதுறதுன்னு கேட்டேன். 'இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க'ன்னாரு. எல்லாக் கட்டத்துலயும் இல்லை, இல்லைன்னு எழுத எனக்குக் கை வரல."

சுண்டுவுக்குப் புரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சேர வரும் மாணவர்களுக்கான படிவத்தையே படிவ அண்ணன் தெருக்காரர்களிடமும் நீட்டிக்கொண்டிருந்தார்! அலமாரியில் கட்டுக்கட்டாக அதுதான் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவள் அவர் மேசைமுன் போய் நின்றாள். மூக்கு வரைதான் மேசைக்கு மேலே தெரிந்தது.

"அண்ணே, அந்தப் படிவம் எதுக்கு?"

"எத்தனை பேர் வந்தாங்கன்னு மேலிடத்துக்குக் காட்டணும். ஆதாரம் வேணாமா?"

"அதுக்குப் பேர் போதாதா? அவங்க என்ன படிச்சாங்கன்னு எதுக்கு?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "கட்டம் இருக்கு. அதனால கேக்குறேன்."

"வேற கட்டம் போட்டா?"

"ஒரே ஒரு கட்டம் இருக்குற படிவத்தை என் வாழ்க்கையில நான் பார்த்ததில்ல. குறைஞ்சது ரெண்டாவது வேணும்" என்றார் அவர் கண்டிப்பாக.

சுண்டு நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அளவுகோல் வைத்து இரண்டு கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் 'பெயர்' என்று எழுதினாள். இரண்டாவதில் என்ன எழுதுவது? பென்சிலைக் கடித்தாள். எவ்வளவு படித்தவராக இருந்தாலும், படிக்காதவராக இருந்தாலும், 'இல்லை' என்று எழுத முடியாத ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு எழுதினாள்: 'ரொம்ப நாளாக உங்கள் மனசில் இருக்கும் ஒரு கேள்வி.'

அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதை யாராவது நிரப்புவாங்களா?"

"நீங்களே நிரப்பிப் பாருங்க."

அண்ணன் பேனாவை எடுத்தார். ஐந்து நிமிடம் யோசித்தார். பிறகு கிடுகிடுவென எழுதினார்: 'நான் எந்த வரிசையில் நின்றாலும் பக்கத்து வரிசை மட்டும் ஏன் சீக்கிரம் நகர்கிறது?' எழுதி முடித்ததும் அவர் முகத்தில் பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி தெரிந்தது. எழுந்துபோய் அறுபது பிரதி எடுத்துவந்தார்.

வெள்ளிக்கிழமை வரை சுண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். "ஒரே ஒரு கேள்வி. சனிக்கிழமை நாலு மணிக்கு எடுத்துட்டு வாங்க. படிப்பைப் பத்தி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க." வீட்டிலும் மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள். மறுநாள் காலை அந்தப் படிவத்தைக் காணவில்லை.

சனிக்கிழமை வந்தது. மேசையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று படிவப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது. பஸ் ஓட்டுற மாமா சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். தையல்கார அக்கா வந்தார். சைக்கிள் கடைத் தாத்தா, ரொட்டிக் கடைக்காரர், அவருடைய இரண்டு தம்பிகள் என்று ஒவ்வொருவராக வந்து, டப்பாவில் படிவத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மிஸ் கூடத்தைப் பார்த்தார். தயாரித்து வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்தார்.

"'எல்லா நாட்டுக் கதையிலும் ராஜாவுக்கு ஏன் மூணு பிள்ளைங்க?' அடடா! 'கறுப்புத் துணின்னா சில பேர் ஏன் பயப்படுறாங்க?' இதையெல்லாம் நீங்க இவ்வளவு நாள் எங்க வச்சிருந்தீங்க?"

ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. தூங்குகிற ஆசிரியர்கூட முழித்துக்கொண்டார்.

படிவ அண்ணன் மட்டும் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நிலையத்து ஆட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது. அவர் முகம் வாடிப்போனது.

"சுண்டு, தலை ஒன்பதுதான் இருக்கு" என்று கிசுகிசுத்தார். "டப்பாவுல படிவம் பத்து இருந்துச்சு. ஆனா ஒண்ணுல பேர் இல்ல. அது செல்லாது."

அதே நேரம் மிஸ் கடைசிப் படிவத்தை எடுத்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"'ஒரு பாட்டை முதல்ல பாடினவங்க யாருன்னே தெரியலைன்னா, அந்தப் பாட்டு யாரோடது?'" மிஸ்ஸின் குரல் தாழ்ந்தது. "இருபது வருஷமா நான் படிக்கிறது இதைத்தான். யாருங்க எழுதினது?"

"நான் இல்ல", "நானும் இல்ல" என்று குரல்கள் எழுந்தன.

சுண்டு எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தும் தள்ளித் தள்ளி, தனித்தனியாக நின்றது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. தினமும் வீட்டில், 'சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்' என்று அவளுக்காகக் காத்திருக்கும் எழுத்து.

"எங்கம்மா!" என்று கத்த வேண்டும்போல இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பெயர் எழுதாமல் விட்டது அம்மாதானே? சுண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாக வெளியே போனாள்.

அம்மா அந்த இரண்டு கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுண்டு அம்மாவின் கையிலிருந்து துடைப்பானை வாங்கிக்கொண்டாள். "நான் துடைக்கிறேன்மா. நீ போய் பதில் கேட்டுட்டு வா."

"என்னடி இது..."

"நீ போனா யாருக்கும் தொந்தரவு இல்லமா. மிஸ்ஸே உன்னைத்தான் தேடுறாங்க."

அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கதவருகே ஒரு நிமிடம் நின்றாள். பிறகு உள்ளே போய், தான் துடைத்துத் துடைத்து வைத்த நாற்காலிகளில் ஒன்றில் முதல்முறையாக உட்கார்ந்தாள்.

"அது என் கேள்விதாங்க" என்றாள்.

படிவ அண்ணன் பாய்ந்து வந்து பேனாவை நீட்டினார். "அக்கா, பேர்! பேர் மட்டும் எழுதிடுங்க! உங்களுக்குச் சம்பளம் தர்றது துப்புரவுக் கம்பெனிதானே. நீங்க நிலையத்து ஆள் இல்ல. தாராளமா சேர்க்கலாம்!"

அம்மா எழுதினாள். பத்து.

"பதில் எனக்கும் முழுசாத் தெரியாது" என்றார் மிஸ். "முதல்ல அந்தப் பாட்டைப் பாடுங்களேன். எல்லாருமாச் சேர்ந்து யோசிப்போம்."

அம்மா பாடினாள். பாத்திரம் கழுவும்போது பாடுகிற அதே பாட்டு. இரண்டாவது வரிக்கு வரும்போது, "எங்க வீட்டுல வேற மாதிரி பாடுவாங்க" என்று பஸ் ஓட்டுற மாமா குறுக்கே பாடினார். "ரெண்டுமே தப்பு!" என்று தையல்கார அக்கா எழுந்தார். கூடத்தில் அழகான ஒரு சண்டை ஆரம்பித்தது.

வெளியே சுண்டு, தன்னைவிட உயரமான துடைப்பானைப் பிடித்தபடி, கதவிடுக்கில் அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே அந்த இரண்டு கற்களில் துடைப்பதற்கு ஒரு பொட்டு அழுக்குகூட இல்லை. இருந்தாலும், கூட்டம் முடிகிறவரை அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.