இடது அடிவாரம்

பேருந்து கியோட்டோவின் பொற்கோயிலை நெருங்குகிறது என்று, காதுக்குள் இருந்தபடி ஜப்பானியத்தைத் தமிழாக்கும் செவிபெயர்ப்பி அறிவித்ததும், யுகேந்திரன் வழக்கம்போலக் கண்களை இறுக மூடிக்கொண்டார். மனைவி சிந்துஜா அவர் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கினாள். ஜப்பானில் இது மூன்றாவது நாள். கண் தெரியாதவர் போலிருக்கிறது என்று கூட்டமே ஒதுங்கி வழிவிட்டது. அதை அவர் மறுக்கவும் இல்லை.

“ஏனுங்க, தகதகன்னு மின்னுதுங்க. குளத்துக்குள்ள இன்னொண்ணு தலைகீழா நிக்குது. காத்தடிச்சா அது மட்டும் நெளியுது.”

“சுருக்கமாச் சொல்லு அம்மிணி. எத்தனை மாடி?”

“மூணுங்க.”

“ஆச்சு, பாத்தாச்சு. நட.”

ஜப்பானில் இறங்கும் ஒவ்வொரு பயணிக்கும் விமான நிலையத்திலேயே ஓர் அளவுக்கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் உலகமே திரண்டு வந்து நின்று வேடிக்கை பார்த்ததில், உள்ளூர்க்காரர்களுக்குச் சொந்தத் தெருவில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. வராதே என்று விருந்தாளியிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அதனால் பார்வையை அளந்தார்கள். பேர்பெற்ற இடங்களைப் பார்க்க ஆளுக்கு நாற்பது நிமிடம், முழுப் பயணத்துக்கும் சேர்த்து. கண் அந்தப் பக்கம் திரும்பினால் நிமிடம் ஓடும், மூடினால் நிற்கும். மிச்சம் எவ்வளவு என்று கண்ணாடியின் மூலையில் ஓர் எண் தெரியும். எல்லாம் தீர்ந்தபின், கோயிலோ மலையோ இருக்குமிடத்தில் வெறும் மூடுபனிதான். ஃபிரேமின் வெளிப்புறத்தில் ஒரு குட்டி விளக்கும் உண்டு. நிமிடம் இருக்கும்வரை பச்சை, தீர்ந்தால் சிவப்பு. அது எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும். தெரு, கடை, ஆள், சோறு ஆகியவற்றுக்கு அளவே கிடையாது. கண்ணாடியைக் கழற்றினால் அடுத்த விமானத்தில் ஊர்.

யுகேந்திரனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. ஈரோட்டில் முப்பத்திரண்டு வருடம் மின்மீட்டர் சரிபார்த்தவர் அவர். மீட்டர்கள் தாமாகவே ரீடிங் அனுப்பத் தொடங்கிவிட்ட காலத்திலும், அவை புளுகவில்லையே என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுகிற வேலை. பூட்டிய வீடானால் மறுநாள் போவார். நாய் துரத்தினால் சுவரேறிப் பார்ப்பார். கண்ணால் பார்க்காமல் ஓர் எண்ணைக்கூட எழுதியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஆகவே விமானத்திலேயே திட்டம் போட்டுவிட்டார். “நீ தாராளமாப் பாரு. என்ற நாப்பது நிமிசமும் அப்படியே இருக்கட்டும். ஃபியூஜி மலைக்குப் போனதும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்.”

“அப்படி எடுத்துக்க முடியுமுங்களா?”

“ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர்தான? எவன் லைட்டப் போட்டா என்ன, யூனிட்டு ஒண்ணுதான்.”

ஃபியூஜி மலை சிந்துஜாவின் ஆசை. பல் மருத்துவமனை ஒன்றில் இருபத்தாறு வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு அந்த மலையின் படம். அதன் இடது கீழ்மூலையை மறைத்துக்கொண்டு, ‘செருப்பை வெளியே விடவும்’ என்ற பலகையை டாக்டர் அறைந்து வைத்திருந்தார். மலை முழுக்க அவளுக்கு மனப்பாடம், அந்த மூலை மட்டும் தெரியாது. கைபேசியில் தேடினால் அரை நொடியில் வந்துவிடும்தான். ஆனால் அவள் தேடவில்லை. நேரில்தான் பார்ப்பேன் என்று இருபத்தாறு வருடமாக ஒரே பிடிவாதம்.

சிவப்பு வாயில்கள், மூங்கில் காடு, நாரா நகரத்து மான்கள் எல்லாவற்றையும் சிந்துஜா அள்ளி அள்ளிப் பார்த்தாள். கண்மூடி நின்ற கணவருக்கு வாய் வலிக்க வலிக்கச் சொன்னாள். அவர் தம் கண்ணால் பார்த்தது அளவில்லாதவற்றை மட்டும்தான். லாக்கர் பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஊர்ந்துபோய்ப் படுக்கும் விடுதியைப் பார்த்தார். நாத்தோ என்ற நூலிழுக்கும் சோயாப் பயறை முகர்ந்து பார்த்துவிட்டு, ஊசிப்போச்சு என்று திருப்பிக் கொடுத்தார். அதை ஊசிப்போக வைத்துத்தான் செய்கிறார்கள் என்று செவிபெயர்ப்பி விளக்கியது. ராமென் நூடுல்ஸ் கடையில் மட்டும் சொர்க்கம் தெரிந்தது. சுற்றிலும் அத்தனை பேரும் சர்ர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சினார்கள். ரசம் உறிஞ்சியதற்காக முப்பத்தைந்து வருடம் வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து அவரும் உறிஞ்சினார்.

ஐந்தாம் நாள் மாலை, ஃபியூஜி மலைக்கு எதிரே கவாகுச்சி ஏரிக்கரையில் ஒரு பழைய விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். கழிப்பறைக்கென்று தனியாக வைத்திருந்த செருப்போடு யுகேந்திரன் சாப்பாட்டு அறைவரை நடந்து போனதில் சின்னக் கலவரம் ஆகி, விடுதிக்கார அம்மாள் மிசுமோரி ஓடிவந்து மூன்று முறை குனிந்து அதைக் கழற்றி வாங்கினார். பிறகு அவர்கள் அறை ஜன்னலின் காகிதக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

யுகேந்திரன் கண்ணைத் திறந்தார். நாற்பது நிமிடமும் முழுசாக இருந்தது. மலையும் முழுசாக இருந்தது.

“வா அம்மிணி, பாரு!”

சிந்துஜா பார்த்தாள். கண்ணைச் சிமிட்டி மறுபடியும் பார்த்தாள். “ஏனுங்க, மேகமுங்களா?”

“மேகமா? பளிச்சுன்னு நிக்குதே!”

அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தபோதுதான் ஃபிரேமில் சிவப்பு விளக்கு தெரிந்தது. கடைசி நிமிடத்தை அவள் ஏதோ ஒரு மானுக்குக் கொடுத்திருந்தாள்.

“என்ற நிமிசத்துல பாதிய இவளுக்கு மாத்துங்கம்மா,” என்றார் மிசுமோரியிடம். அந்த அம்மாள் திடுக்கிட்டுக் குனிந்து நீளமாக ஏதோ சொன்னார். செவிபெயர்ப்பி அதைத் தன் வழக்கமான மரியாதையோடு தமிழாக்கியது: “தங்கள் கண்களும் தங்கள் துணைவியாரின் கண்களும் ஒன்றே எனக் கருதும் தங்கள் பெருங்குணத்தை வணங்குகிறோம். சட்டம் அவ்வாறு கருதவில்லை.”

யுகேந்திரன் வாதாடினார். குடும்ப அட்டை என்றார், வீட்டு இணைப்பு என்றார். மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். மிசுமோரி ஒவ்வொன்றுக்கும் கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். ஜன்னலைப் பார்த்தபடியே கத்திக்கொண்டிருந்ததில் இருபத்திரண்டு நிமிடம் போய்விட்டதை அவர் கவனித்தபோது, அம்மாள் குனிந்தபடியே பின்வாங்கி அறைக் கதவைச் சாத்திவிட்டிருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக அவர் உணர்ந்ததில்லை. இருபத்தாறு வருட ஆசையை, சிக்கனம் என்ற பேரில் தாமே கெடுத்துவிட்டார்.

“தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மிணி.”

“அட, விடுங்க.” சிந்துஜா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். “அஞ்சு நாளா நாஞ் சொன்னனில்ல? இப்ப நீங்க சொல்லுங்க.”

அவர் பார்த்தார். “பெருசா இருக்குது.”

“அப்புறம்?”

“மேல வெள்ளையா இருக்குது.”

“ரீடிங் எழுதாதீங்க. உச்சில வலப்பக்கம் ஒரு சொட்டை விழுந்திருக்குமே?”

அவர் உற்றுப் பார்த்தார். “ஆமா, இருக்குது!”

“அதுலிருந்து பனி விரல் விரலா இறங்குமுங்க. எத்தனை விரலு?”

“ஏழு... இல்ல, எட்டாவது ஒண்ணு பாதில நின்னுபோச்சு. அது பக்கத்துல பாறை செவசெவன்னு இருக்குது. இரு, இரு, வெயில் எறங்குது. பனியெல்லாம் கலரு மாறுது அம்மிணி. மாம்பழம் பழுக்கறாப்பல, காம்புப் பக்கம் மட்டும் மொதல்ல...”

சொல்லச் சொல்லத்தான் அவருக்கே மலை தெரிந்தது. சுருக்கமாகச் சொல்லு என்று பொற்கோயிலில் அவளை அதட்டியது நினைவுக்கு வந்து உறுத்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்டாள், சில இடங்களில் திருத்தினாள். படத்தில் இல்லாத ஒரு பறவைக்கூட்டத்தை அவர் சொன்னபோது கைதட்டிச் சிரித்தாள்.

“செரி, இப்ப கீழ வாங்க. எடது பக்கம் அடிவாரம். பலகை அடிச்சிருந்த எடம்.” அவள் கண்ணைத் திறந்து அவர் முகத்தையே பார்த்தாள். “அங்க என்னங்க இருக்குது?”

யுகேந்திரன் பார்வையை இடப்பக்கம் இறக்கினார். கண்ணாடி மூலையில் எண் பூஜ்யமானது. ஜன்னல் முழுக்க மூடுபனி வந்து நிறைந்தது.

அவர் மூச்சை இழுத்துவிட்டார். முகத்தைத் திருப்பவில்லை.

“அங்கயா? அங்க... சின்னதா ஒரு ஊரு இருக்குது அம்மிணி. பத்துப் பதினஞ்சு வீடு. ஓடு போட்டது. கடைசி வீட்டு மாடில ஒரு பொம்பள துணி காயப்போடுறா.”

முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பார்க்காமல் எழுதிய ரீடிங்.

சிந்துஜா அவர் ஃபிரேமின் ஓரத்தில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பாயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, முழங்கால் இடிக்கிற அளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“என்ன கலரு துணிங்க?” என்றாள்.