நான்காம் அறையின் இருமல்

நாற்பது நாள் குழந்தைக்குக் கூவி இருமத் தெம்பு கிடையாது. பதினோரு வருடமாகக் கக்குவான் இருமல் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸுக்கு இது தெரியாததல்ல. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள்தான் விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது நீளமாக ஒரு கூவல் விடும். கைக்குழந்தை இரண்டு முறை இருமும், மூன்றாவதற்கு மூச்சு இருக்காது, அப்படியே நீலம் பாரித்துவிடும். அதனால் மதியம் மூன்று மணிக்கு, அந்த நாற்பது நாள் குழந்தை இருந்த நான்காம் அறையிலிருந்து அந்தக் கூவல் தெளிவாகக் கேட்டபோது அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். பிறகு, பரவாயில்லையே, குட்டிக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள்: இருமல், கூவலுடன், நன்றாக.

வரிசையாக நான்கு அறைகள். கதவிலும் நடைபாதைப் பக்கச் சுவரிலும் கண்ணாடி. ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் புது அங்கி, முகக்கவசம், கையுறை. வெளியே வந்தால் அத்தனையும் கழற்றிக் கூடையில் போட்டு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு தடவை போய்வரப் பத்து நிமிடம் ஓடிவிடும். நான்கு அறைக்கும் ஒரே நர்ஸ். அதனால் இந்த வார்டில் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதே அதிகம். நடுவில் மேசையைப் போட்டு உட்கார்ந்து, மருந்தை அளந்துகொண்டே இருமலையும் எண்ணுவார்கள். சத்தம் வந்தால் மூச்சு இருக்கிறது, சத்தம் நின்றால்தான் ஓட வேண்டும். இந்த வித்தையில் அவளை மிஞ்ச ஆளில்லை. தரை துடைக்க வரும் அம்மாள் அவளுக்குப் 'பாம்புக்காது' என்றே பட்டம் கட்டியிருந்தாள்.

ஆனால் இன்று அந்தக் காது முழுக்க இரண்டாம் அறையில்தான் இருந்தது. அங்கே படுத்திருப்பது தங்கையின் மகள். பிறந்து இரண்டு மாதம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. தூசியாக இருக்கும் என்று வெந்நீரைக் குடித்துவிட்டு, விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்குப் போனாள். குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சினாள், உச்சந்தலையை முகர்ந்தாள், முகத்துக்கு முகம் வைத்து இருமவும் இருமினாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கி மாட்டிக்கொண்டு போகிறவள் சொந்தப் பிள்ளைக்கு ஒரு முகக்கவசம் போடவில்லை. தங்கை வீட்டில் போய் அதையெல்லாம் யார் போட்டுக்கொள்வார்கள்? பெரியவர்களுக்கு இந்த நோய் வெறும் கரகரப்பாகத்தான் வரும் என்று பயிற்சிக்கு வரும் பெண்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். பத்தாம் நாள் குழந்தை இருமியது. அவள் ஐந்து நாள் மாத்திரையை விழுங்கிவிட்டு யாரிடமும் வாய் திறக்கவில்லை. தங்கைக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

நாலு மணி மருந்துக்கு நான்காம் அறை வாசலில் நின்று அங்கியைக் கட்டிக்கொண்டிருந்தபோதும் உள்ளே இருமல் கேட்டது. இரண்டு, மூன்று, நான்கு, பிறகு அந்தக் கூவல். கதவைத் திறந்தாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை நீண்டு கிடந்தது. பினாயில் வாசனை, அதற்கடியில் புளித்த பால் வாசனை. குழந்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது. தோளில் கை வைத்ததும் கையுறைக்குள்ளேயே அவளுக்குச் சில்லிட்டது.

டாக்டர் வந்து குழந்தையின் விரல்களை மடக்கிப் பார்த்தார். அவை மடங்கவில்லை.

"கடைசியா எப்ப சிஸ்டர் பார்த்தீங்க?"

"இப்பதான் டாக்டர். கதவத் தொறக்கறப்பக்கூட இருமுச்சு."

"விறைக்க ஆரம்பிச்சிருச்சும்மா. ரெண்டு மணி நேரமாவது ஆயிருக்கும்." அவர் நோட்டைப் புரட்டினார். இரண்டு மணியிலிருந்து ஏழு முறை அவள் கையெழுத்தில் இருமல். "பக்கத்து ரூம் குழந்தையோடதக் கேட்டு எழுதிட்டீங்க. சுவரு மெல்லிசு. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க."

மூன்றாம் அறை நேற்றிலிருந்து காலி. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

தாய் வந்தாள், அழுதாள், துணியில் சுற்றிய பொட்டலத்தோடு போனாள். நான்காம் அறையைப் பூட்டினார்கள். அங்கே இனிச் சத்தம் வரக்கூடாது. நர்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குழாய் சொட்டியது, முதல் அறைச் சிறுமியின் ஆக்ஸிஜன் குமிழியிட்டது, எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

ஐந்து மணிக்குத் தங்கை வந்தாள். தாய்மார்களை உள்ளே விடுவது காலையில் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரம் நடைபாதையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். அவள் இரண்டாம் அறைக் கண்ணாடியில் நெற்றியை முட்டி நின்றாள்.

"அக்கா, கீழ ஒரு பொம்பள அழுதுட்டுப் போறாங்களே, இந்த வார்டா?"

"அது ரொம்பப் பலவீனமாப் பொறந்த கொழந்தடி. நம்மளது அப்படியில்ல."

"நம்ம பாப்பாவுக்கு என்ன? உள்ள எப்படி இருமறா பாரு. கடைசியில கூவக்கூட செய்யறா."

நர்ஸ் அங்கியை எடுத்து மாட்டினாள்.

அங்கியின் நாடாவைக் கட்டாமலே உள்ளே போனாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது, உதடு ரோஜா நிறத்தில் ஈரமாக இருந்தது, நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. உயிர் இருந்தது. போன உயிர் அவளுக்கும் திரும்பி வந்தது. அப்போது கட்டிலிலிருந்து இருமல் கேட்டது. வறண்ட, அடுக்கடுக்கான இருமல். முடிவில் நீளமான கூவல். குழந்தையின் வாய் மூடியே இருந்தது. அதன் இமைகூட அசையவில்லை.

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் தரைதான் இருந்தது.

போனில் டாக்டரைப் பிடித்தாள். "இரண்டாம் ரூமுக்கு மானிட்டர் வேணும் டாக்டர்."

"இருக்கறதே ஒண்ணு. அதை எடுத்தா முதல் ரூம் பொண்ணு கதி என்ன ஆவுறது?"

அந்தச் சிறுமியின் விரலிலிருந்து கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று அவள் நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் குழந்தையின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இனிக் காதை நம்புவதில்லை, விரல்தான் காவல். எட்டு மணிக்கு அடுத்த நர்ஸ் வரும்வரை இப்படியே இருந்துவிட்டால் போதும். இருமல் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறையும் விரலடியில் நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே தங்கை ஒவ்வொரு இருமலுக்கும் தலையை ஆட்டி, "தைரியமா இருமுடா தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கி, அறை மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது.

ஆறரைக்கு முதல் அறை மானிட்டர் அலறியது.

போகாமல் இருக்க முடியாது. எழுந்து ஓடினாள். தங்கை போனைக் காதில் வைத்தபடி நடைபாதைக் கோடிக்குப் போயிருந்தாள். சிறுமி வாந்தி எடுத்து மூச்சு முட்டிக் கிடந்தாள். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, உறிஞ்சுகுழாயை விட்டு, ஆக்ஸிஜனைக் கூட்டினாள். எண்கள் ஏறின. சிறுமி கண்ணைத் திறந்தாள்.

"சிஸ்டர், பக்கத்து ரூமுல யாரு இருமறது?"

"பாப்பாதாம்மா."

"பாப்பா இல்ல. பெரியவங்க."

சுவருக்கு அப்பால் இருமல். மூச்சு விட இடமே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. எந்தக் குழந்தையாலும், எந்த மனிதராலும் இரும முடியாத அளவுக்கு.

ஓடினாள். அங்கி இல்லை. கையுறை இல்லை. கதவு. கட்டில்.

நெஞ்சில் விரலை வைத்தாள்.

அசைவில்லை.

உதடு நீலம்.

இரண்டு விரலால் அழுத்தினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். அழுத்தினாள். ஊதினாள். மணியை அடித்தாள், மறுபடி அடித்தாள், யாரும் வரவில்லை. கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். "வாடா கண்ணு, பெரியம்மாடா, வந்துருடா." அழுத்தினாள். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. கை சோர்ந்து போயிற்று. பதினோரு வருட அனுபவம் அவளுக்குச் சொல்லிவிட்டது. முடிந்துவிட்டது. நோயைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள், கோட்டைவிட்டதும் அவள்.

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். அதன் தலை அவள் கழுத்தில் துவண்டு கிடந்தது, வாய் அவள் காதோரமாக மூடியிருந்தது. துளி மூச்சும் காதில் படவில்லை.

அந்த வாய்க்குள்ளிருந்து இருமல் வந்தது.

சத்தமாக. தெம்பாக. அறை நிறைய.

பின்னால், இவ்வளவு நேரம் போனில் கணவனோடு பேச ஓரமாகப் போயிருந்த தங்கை திரும்பி வந்து நிற்கும் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடியை விரலால் தட்டினாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"இருமறா பாருங்க, கேக்குதா? போனக் கண்ணாடிகிட்ட வெச்சிருக்கேன்... அக்கா! அவரும் கேட்டுட்டாரு. பாப்பா மொகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பேன், ஒரு தடவ பார்த்துக்கறேன்."

தோளில் கூவல் நீண்டது. அது முடியவே இல்லை.

"அக்கா, திரும்பேன்."