ஈசல் வராத பல்பு

மழை விட்ட சாயங்காலம். மாடியில் மாட்டிய புது பல்பை ஓர் ஈசல்கூடச் சீண்டவில்லை. முகம்மது கனிக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

சூலியா தெருவில் கல்யாண வீடுகளுக்கு விளக்கு வாடகைக்கு விடுபவர் அவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எரிகிறது என்று சொல்லிவிடுவார். கேஸ் விளக்கு சீறும். கார்பைடு விளக்கு அழுகிய பூண்டாக நாறும். தேங்காயெண்ணெய் விளக்கு பசியைக் கிளப்பும். தீவின் மறுபக்கம், பாலிக் புலாவ் கிராமத்தில் பறக்கும் மின்மினி மட்டும் சத்தமில்லாமல், வாடையில்லாமல், சூடே இல்லாமல் எரியும். அதை வாடகைக்கு விட வழியில்லையே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

பிள்ளை பெற்றவள் தலைக்குக் குளித்துக் கீழே இறங்கும்வரை அவள் இருக்கும் மாடி அறையில் எண்ணெய் விளக்கு அணையக் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம். பல வருஷம் காத்துக் கிடந்து பிறந்த ஆண் பிள்ளை. பெருமை தாங்காத கனி, விளக்கை ஊதி அணைத்துவிட்டு பல்பை மாட்டினார்.

"லைட்டு போனா என்னடா செய்வே?" என்றாள் அக்கா ஹபீபா பீவி.

"அதெல்லாம் போகாதுலா! எண்ணெய்ப் புகையிலே பிள்ளைக்கு மூச்சு முட்டணுமா?"

அன்றிலிருந்து பிள்ளை அழவேயில்லை. "இவனைத் தூக்கினா கை சில்லுன்னு ஆவுது மச்சான்," என்றாள் மனைவி நூர்ஜான். மழைக்காலம் அப்படித்தான் என்றார் கனி.

ஈசல் வராத அந்தச் சாயங்காலம், மஃரிப் பாங்கு ஓய்ந்ததும் தெரு முழுக்கக் கரண்டு போனது. கனி கீழே கடைக்கு இறங்கி, கேஸ் விளக்குகளை ஏற்றி வைத்தார். எதிர்க்கடை காஜா மொய்தீன் கத்தினார்:

"கனி அண்ணே, ஊரே இருட்டு, ஒங்க மாடி மட்டும் பளபளங்குது! தனியா மிசின் வச்சிருக்கீங்களா?"

கனி சிரித்தார். பாதியில் நிறுத்தினார்.

ஊறிய மரப்படிகள் ஒவ்வொன்றும் காலடியில் முனக, எங்கோ கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, கதவிடுக்கில் வழிந்த வெள்ளைக்குள் லேசான பச்சை கலந்திருப்பதைப் பார்த்தபடியே மேலே ஏறினார். சீறல் இல்லை. வாடை இல்லை.

நூர்ஜான் சுவரோடு ஒட்டி நின்றாள். பல்பு கறுத்துக் கிடந்தது. வெளிச்சம் தொட்டிலுக்குள்ளிருந்து வந்தது. மங்கியது. கூடியது. பிள்ளை மூச்சு விடும் கணக்கில். தொட்டில் துணி நெடுக ஈசல்கள், சிறகை ஒடுக்கி, அசையாமல்.

"எண்ணெய் விளக்கை ஏத்துங்க மச்சான்..."

தீக்குச்சியைக் கிழித்தார். சுடர் தொட்டில் பக்கம் சாய்ந்தது. நூலாக நீண்டது. போய்விட்டது. இன்னொரு குச்சி. அதுவும். தொட்டில் இன்னும் அதிகமாகப் பிரகாசித்தது.

கீழே கேஸ் விளக்குகளின் சீறல் ஒவ்வொன்றாக நின்றது.

"அண்ணே, என் சிம்னி விளக்கும் போச்சு!" தெருவில் காஜா மொய்தீனின் குரல்.

அறை பட்டப்பகலானது.

"மச்சான்." நூர்ஜான் சுவரைத் தடவினாள். இமைக்காமல் அவரையே பார்த்தாள். "ஏன் திடீர்னு இருட்டாயிருச்சு? எங்க இருக்கீங்க?"

ஈசல்கள் எல்லாம் ஒன்றாகச் சிறகு விரித்தன. துணி விலகியது. பிள்ளை தலையைத் திருப்பி, கனியின் கண்களைப் பார்த்து, பாலுக்குத் திறப்பதுபோல் வாயைத் திறந்தது.